பாட்டைக் காட்டாமல் பாட்டை அறிமுகம் செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தருமபுரி, கிருஷ்ணகிரி பதிப்போடு வரும் இணைப்பில் சில வாரங்களாகச் சங்கப் பாடல் அறிமுகம் வெளிவருகிறது. மாங்காய் விலைக்கும் தக்காளி விலைக்கும் நடுவே புறநானூற்றுக்கு அரைப்பக்கம் ஒதுக்க மனம் வந்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த அரைப்பக்கத்தில், நம் தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை முழுசாக வந்தது. கொடுத்ததைச் சொல்லும் பாட்டிலிருந்து ஓர் அடிகூட வரவில்லை. பாட்டு எண்ணும் இல்லை. படித்துவிட்டு ஆசைப்பட்டுத் தேடிப்போகும் வாசகர் எங்கே போவார்? போதாக்குறைக்கு ‘அறம் செய விரும்பு’ என்று பாடியவரும் அதே ஔவைதான் என்று ஒரு வரி.

அந்த வரியை முதலில் திருத்திவிடலாம். அதியமானைப் பாடிய சங்க ஔவையின் பெயரில் இருப்பவை 59 பாடல்கள்: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டுகள் பிந்தியவர். இருவரையும் ஒருவராக்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கட்டுரையோடு வந்த ஓவியத்தைப் பார்த்தாலே தெரியும்: நரைத்த தலை, கையில் கோல், கூன் விழுந்த முதுகு. புறநானூறு 89-இல் பேசுகிறவளைப் பகை வேந்தன் ‘மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி’ என்று விளிக்கிறான். மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி. கோலூன்றிய கிழவிக்கு இந்த விளி பொருந்துமா?

நெல்லிக்கனிப் பாட்டு புறநானூறு 91. மொத்தம் 11 அடி. அதன் கடைசிப் பகுதி இது:

தொன்னிலைப்
பெருமலை விடரகத்து அருமிசை கொண்ட
சிறியிலை நெல்லித் தீங்கனி குறியாது
ஆதல் நின்னகத்து அடக்கிச்
சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே.

இதில் மலைக்குப் பெயர் இல்லை. இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும் என்ற கணக்கு இல்லை. தின்ற பிறகு ஔவை வியந்து கேட்டதும் இவன் சொன்னதும் இல்லை. இவை எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஒட்டியவற்றை மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டில் உள்ளதை விட்டுவிடுவதுதான் வருத்தம். உள்ளது என்ன? ‘ஆதல் நின்னகத்து அடக்கி’. இந்தக் கனியால் ஆகும் பயன் இன்னது என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் உள்ளேயே அடக்கிக்கொண்டு கொடுத்தான். கொடையின் பெருமை அந்த ‘அடக்கி’யில் இருக்கிறது. அதற்கு முந்தைய அடிகளில் ‘நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக’ என்று வாழ்த்துகிறாள். நஞ்சு உண்டும் சாகாத சிவன் அவன். சாவை நீக்கும் கனியைத் தான் தின்னாமல் பிறருக்குக் கொடுத்தவனை, சாவைத் தரும் நஞ்சைத் தின்றும் நிலைத்தவனைப் போல இரு என்கிறாள். நஞ்சு என்ற சொல்லே பாட்டில் இல்லை. தொண்டையின் நிறத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகிறாள். இதை வாசகருக்குச் சொல்ல நாலு வரி போதும்.

இன்னொன்றும் அந்த ஐந்து அடியில் இருக்கிறது. ‘ஈத்தனையே’ என்ற வினை. 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்ட, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் உள்ள கல்வெட்டு ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ என்கிறது. பாளி என்பது துறவிகள் தங்கும் குகை. கல்வெட்டின் அஞ்சியும் பாட்டின் அஞ்சியும் ஒரே ஆளா, ஒரே குடியில் வந்த வேறொருவனா என்பது அறிஞர்களின் விவாதம். ஆனால் கல்லில் வெட்டியவரும் பாட்டில் சொன்னவரும் ஒரே வினையைப் பிடித்திருக்கிறார்கள்: ஈத்த, ஈத்தனை. ஈ, தா, கொடு என்ற மூன்றில் ‘ஈ’ என்பது தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்கும் சொல், ‘தா’ சமமானவர் கேட்பது, ‘கொடு’ உயர்ந்தவர் கேட்பது என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. இப்படி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பாட்டிலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து இலக்கணத்துக்கும் போய்வருவதுதான் பழைய இலக்கியம் படித்து எழுதுகிறவருக்குக் கிடைக்கும் கூலி. கதையை மட்டும் திருப்பிச் சொல்கிறவருக்கு அந்தக் கூலி கிடைப்பதில்லை.

தட்டச்சு செய்பவருக்கு ஒரு வார்த்தை: ‘ஈத்த’ என்பதைப் பிழை என்று நினைத்து ‘ஈந்த’ என்று திருத்திவிட வேண்டாம். மெய்ப்பு பார்க்கும்போது மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். கட்டுரை உரைநடையில் ஒற்றுப்பிழை வந்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார். மூலத்தில் வந்தால் பொருளே மாறும்.

இணைப்புக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் என்று தெரிகிறது. அவர்களுக்கு உதவும் என்று வேலை முறையைச் சொல்கிறேன். பாட்டை முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஒரு முறை அல்ல, மூன்று முறை. முதல் தடவை சீர் பிரித்த பழைய அச்சில் உள்ளபடி. அடுத்த தடவை சொல் பிரித்து. மூன்றாவது தடவை, எங்கே மூச்சு நிற்கிறது என்று பார்த்து. சொல் பிரிப்பதில்தான் முதல் விபத்து நடக்கும். ஔவை அதியமானைப் பாடிய புறநானூறு 235 ‘சிறியகட் பெறினே’ என்று தொடங்குகிறது. ‘கட்’ என்பது ‘கண்’ஆகவும் இருக்கலாம், ‘கள்’ஆகவும் இருக்கலாம், ண், ள் இரண்டும் வல்லெழுத்துக்கு முன்னால் ‘ட்’ ஆகும். இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே ‘கள்’. சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்பது பொருள். பள்ளிப் பிள்ளைகள் படிப்பார்களே என்று சிலர் கள்ளைப் பானமாக்கி, பானத்தைப் பழச்சாறாக்கிவிடுகிறார்கள். கள்ளை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் நட்பே இல்லை.

பிரித்த பிறகு வினைமுற்றைத் தேட வேண்டும். சங்கப் பாட்டு பெரும்பாலும் நீண்ட ஒரே வாக்கியம், அல்லது இரண்டு. முற்று எங்கே இருக்கிறது என்று கண்டுவிட்டால் மற்றவை தாமாக வந்து அடையும். 91-இல் ‘மன்னுக’ நடுவில் இருக்கிறது, ‘ஈத்தனை’ கடைசியில். ஈத்தனை, ஆகவே மன்னுக. அவ்வளவுதான். முற்றைக் காணாமல் அடி அடியாக உரைநடை எழுதினால் ‘உடைய’, ‘கொண்ட’, ‘போன்ற’ என்று பெயரெச்சங்களாக நீண்டு ரயில் பெட்டிபோல ஆகிவிடும். எஞ்சின் எங்கே என்று வாசகர் தேடுவார்.

பிறகு உரை. புறநானூற்றுக்குப் பழைய உரை முதல் 266 பாட்டுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. 267, 268 பாட்டுகளே கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்தபோது அந்தப் பழைய உரையையும் சேர்த்தே அச்சிட்டார். ஔவை சு.துரைசாமிப் பிள்ளையின் விரிவுரை 400-க்கும் துணை வரும். அதியமானைப் பற்றிய முக்கியமான பாட்டுகளில் பெரும்பாலானவை 266-க்குள் அடங்குவதால் இந்த ஊர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம்தான்: 87 முதல் 104 வரை 18 பாட்டும் வரிசையாக ஔவையுடையவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் காசில்லாமல் கிடைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இணையத்தில் இருக்கிறது. இரண்டு உரை, ஒரு அகராதி. இதற்குக் குறைந்து எழுதக் கூடாது. இதற்கு மேல் போனால் வாரக் கட்டுரை மாதக் கட்டுரையாகிவிடும்.

அருஞ்சொல் ஆறுக்கு மேல் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்த ஆறு என்பதில்தான் எழுதுகிறவரின் கெட்டிக்காரத்தனம். தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததுபோல் இருந்து ஏமாற்றும் சொல் ஆபத்து. அதே 235-இல் மூன்று இருக்கின்றன. ‘அருநிறத்து இயங்கிய வேல்’ என்பதில் நிறம் என்றால் மார்பு. ‘சென்று வீழ்ந்தன்று’ என்பதில் ‘அன்று’ எதிர்மறை அல்ல. வீழ்ந்தது என்றே பொருள். இதைத் தவறாகப் படித்தால் வேல் விழவே இல்லை என்று பாட்டு தலைகீழாகும். மூன்றாவது ‘நாறும்’. ‘நரந்தம் நாறும் தன் கையால் புலவு நாறும் என்தலை தைவரும்’. வாசனைப் பொருள் மணக்கும் அவன் கை, புலால் வாடை அடிக்கும் இவள் தலையைத் தடவுகிறது. இன்றைக்கு நாற்றம் என்றால் மூக்கைப் பொத்துகிறோம். அன்றைக்கு அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இரண்டு மணத்துக்கும் ஒரே வினை. உரைநடையில் ஒன்றை ‘மணக்கும்’ என்றும் மற்றதை ‘நாறும்’ என்றும் மாற்றி எழுதினால் ஔவை சமமாக வைத்த இரண்டு உடம்பை நாம் பிரித்துவிடுகிறோம். இதற்கு நல்ல மாற்றுச்சொல் இன்றைய தமிழில் இல்லை. ‘நாறும்’ என்றே விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுப்பதே மேல்.

இந்தப் பாட்டிலேயே இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ‘எமக்கு ஈயும் மன்னே’, ‘தான் மகிழ்ந்து உண்ணும் மன்னே’ என்று ‘மன்னே’ ஏழு முறை வருகிறது. ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மூன்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். இங்கே கழிவு. ‘கொடுப்பான், அதெல்லாம் போயிற்று’ என்பதில் இரண்டாம் பாதி முழுவதும் அந்த ‘மன்’னுக்குள் இருக்கிறது. அதியமான் செத்துப்போனான் என்று பாட்டு எங்கும் நேராகச் சொல்லவில்லை. ஏழு முறை இடைச்சொல் சொல்கிறது. அப்புறம் வேல் வருகிறது. அதுவும் நேராக வரவில்லை. பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைக்குள் புகுந்து, அவன் காத்துவந்த சுற்றத்தாரின் கண்பாவை மங்க, புலவர் நாவில் போய் விழுந்தது, அவன் மார்பில் பாய்ந்த வேல். எது துளைத்தது, எது விழுந்தது என்பது அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அறிமுகக் கட்டுரைகள் எல்லாம் ‘அதியமான் மார்பில் பாய்ந்த வேல் பாணர் கலத்தைத் துளைத்து…’ என்றே தொடங்குகின்றன. அப்படித் தொடங்கிய கணமே பாட்டு முடிந்துவிட்டது. வேலைக் கடைசியில் வைக்க முடியாவிட்டால் உரைநடையே வேண்டாம்; மூலத்தை மட்டும் போடுங்கள்.

கதை எழுதுகிறவர்களும் செய்தி எழுதுகிறவர்களும் இந்த ஒரு பாட்டைப் பத்து முறை பிரித்துச் சேர்த்தால் போதும். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது என்பது பிடிபடும்.

‘எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சங்கத் தமிழ் ஏறாது, வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள்’ என்று ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொல்லக் கேட்கலாம். உண்மை நேர்மாறு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு ‘இல்’ என்றால் வீடு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். தெலுங்குப் பிள்ளை ‘இல்லு’ என்று தினமும் சொல்கிறது. ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’ என்ற குறுந்தொகை இரண்டாம் பாட்டில் ‘செப்பு’ அதற்கு விளக்கம் வேண்டாத சொல். ‘மனை’ கன்னட வீட்டில் ‘மனெ’. ஆநிரையைக் குறிக்கும் ‘தொறு’ பழங்கன்னடத்தில் ‘துரு’. வகுப்பில் ஆசிரியர் சொற்பொருள் சொல்வதற்கு முன் ‘உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

‘தொறு’ என்றதும் நடுகல் வந்துவிடும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஏரிக்கரையிலும் கொல்லை மேட்டிலும் வேடியப்பன் என்று மஞ்சள் பூசிக் கும்பிடும் கல்லில் பல, ஆநிரைச் சண்டையில் இறந்த வீரனின் நடுகல்தான். தருமபுரி அகழ்வைப்பகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதியமானின் நடுகல்லைக் குறித்து ஔவை பாடிய புறநானூறு 232-ஐ அறிமுகம் செய்ய இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எங்கே கிடைக்கும்? ஆறே அடி, முழுவதையும் தரலாம்.

இல்லா கியரோ காலை மாலை
அல்லா கியர்யான் வாழும் நாளே
நடுகல் பீலி சூட்டி நாரரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ
கோடுயர் பிறங்குமலை கெழீஇய
நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே.

காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் நாளாக இல்லாமல் போகட்டும். நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் ஊற்றுகிறார்களே, அதை ஏற்பானா? உயர்ந்த மலைகளோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் ஆயிற்றே. 235-இன் ‘சிறிய கள்’ளும் 232-இன் ‘சிறுகல’மும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. உயிரோடு இருந்தபோது சிறிய கள்ளைத் தான் குடிக்காமல் இவளுக்குத் தந்தவன். இப்போது அவனுக்குச் சிறிய கலம். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்த வாரங்களில் போட்டால் வாசகரே கண்டுபிடித்துக்கொள்வார். நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் உற்சாகத்தில் ஊர் நடுகல்லைக் காட்டி ‘இதுதான் அதியமான் கல்’ என்று எழுதிவிடக் கூடாது. இங்கே எழுத்தோடு காணப்படும் நடுகற்களில் பெரும்பாலானவை பல்லவர் காலமும் அதற்குப் பிந்தியவையும். வட்டெழுத்தில் இருப்பவை நிறைய. சங்கப் பாட்டுக்கும் அவற்றுக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி உண்டு. பாட்டுக் காலத்தை ஒட்டிய நடுகல் வேண்டுமென்றால் தேனி மாவட்டம் புலிமான்கோம்பைக்குப் போக வேண்டும். 2006-இல் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்தோடு கிடைத்த கல்லில் ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ‘ஆகோள்’ என்ற சொல்லே இருக்கிறது. தொல்காப்பியம் வெட்சித்திணையில் சொல்லும் அதே சொல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நாட்டும் ஆறு நிலைகளையும் அந்த நூலே வரிசைப்படுத்துகிறது. பிள்ளைகளை நடுகல்லிடம் அழைத்துப்போகும் ஆசிரியர்கள் அதை ஒரு வரிசைப் பாடமாகவே நடத்தலாம்.

போகிறவர்கள் கவனிக்க: எழுத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்க்கிறார்கள், மாவு பூசுகிறார்கள், சிலர் வண்ணமே அடிக்கிறார்கள். வண்ணம் எழுத்துப் பள்ளத்தை அடைத்துவிடும். சுண்ணக்கட்டியால் வரைந்தவர் தாம் படித்ததையே கல்லின் மேல் எழுதிவிடுவதால் அடுத்து வருபவர் கல்லைப் படிப்பதில்லை, அவரைத்தான் படிக்கிறார். வேண்டியது சாய்ந்த வெளிச்சம் மட்டும். காலை வெயிலிலோ சாயங்கால வெயிலிலோ போனால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. நிழலான இடமென்றால் டார்ச்சைக் கல்லின் முகத்துக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டில், கல்லை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கும்பிடும் கல்லாக இருந்தால் ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு.

அதியமானின் குதிரைமலைக்காக ஒரு சின்ன விடுகதை. புறநானூறு 158-இல் வள்ளல்களை அடுக்கும் பெருஞ்சித்திரனார் அதியர் குடி எழினியை ‘ஊராது ஏந்திய குதிரை’ உடையவன் என்கிறார். யாரும் ஏறி ஓட்டாத, உயர்ந்து நிற்கும் குதிரை எது? பேரிலேயே குதிரை இருக்கும் மலைதான். விடையை அடுத்த வாரம் போட்டால் தபால் குவியும்.

ஆசிரியர் அவர்களே, கேட்பது பெரிதில்லை. ஒவ்வொரு அறிமுகத்திலும் நூல் பெயரும் பாட்டு எண்ணும் இருக்கட்டும். மூலம் குறைந்தது ஐந்து அடியாவது, கொஞ்சம் பெரிய எழுத்தில், சொல் பிரித்து வரட்டும். 12 அடிக்கு மேற்பட்ட பாட்டை முழுசாகப் போட வேண்டாம், ஒரு பகுதி போதும். மதுரைக்காஞ்சி 782 அடி, அதை அரைப்பக்கத்தில் சுருக்குவதைவிட அதிலிருந்து ஒரு கடைத்தெருவைப் பத்து அடியில் காட்டலாம். ‘உலகே வியக்கும்’, ‘ஈடு இணையற்ற’ போன்றவற்றை வெட்டினால் அந்த ஐந்து அடிக்கு இடம் கிடைத்துவிடும். கோலூன்றிய ஓவியத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

விளம்பரம் மிகுந்து இடம் நெருக்கடியான வாரத்தில் புறநானூறு 87-ஐப் போடுங்கள். நான்கே அடி. பகைவரே, களம் புகாதீர்கள், எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான், நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் இருந்து செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் என்கிறாள் ஔவை. எட்டை முப்பதால் பெருக்கினால் 240 தேர். அந்தக் கணக்கைக் கட்டுரையில் போட்டுவிட வேண்டாம். வாசகர் போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தருமபுரி.